அந்தப் பதினெட்டு நிமிடம்: கேள்வி – பதில்

'மெய்யழகன்' பார்த்து அழுதேன் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். இரண்டு பேர் ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். இதில் அழ என்ன இருக்கிறது?
– கல்லூரி மாணவர், நீடாமங்கலம்

தம்பி, உங்கள் ஊர்க் கல்யாணத்துக்குத்தான் அருள்மொழி வருகிறார். நீங்களே இப்படிக் கேட்டால் எப்படி? 1996-ல் சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டுச் சென்னைக்குப் போன குடும்பம். இருபத்திரண்டு வருஷம் கழித்து, தங்கை கல்யாணத்தில் தலையைக் காட்டிவிட்டு அன்றைக்கே கிளம்பிவிடலாம் என்று வருகிறார். மேடையில் அந்தப் பெண் அண்ணன் கொண்டுவந்த பரிசை அங்கேயே பிரிக்கிறாள். அவர் குனிந்து அவள் காலில் கொலுசு மாட்டிவிடுகிறார். மண்டபம் நிறைய ஆட்கள் இருக்கிறார்கள், அண்ணனுக்கும் தங்கைக்கும் அதெல்லாம் தெரியவில்லை. எனக்கு அங்கேயே கண் நிறைந்துவிட்டது. நீங்கள் சொல்கிற பேச்சு அதற்கப்புறம்தான் தொடங்குகிறது.

'மெய்யழகன்' வந்த சில நாளிலேயே பதினெட்டு நிமிடத்தை வெட்டினார்களே. படம் விறுவிறுப்பானது நல்லதுதானே?
– திருச்சி வாசகர்

எனக்கு அதில் சம்மதமில்லை. வெட்டுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு முறையும் தியேட்டரில் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கல்யாணத்தில் வந்து ஒட்டிக்கொள்கிற இளைஞன் யார், அவன் பெயர் என்ன என்று அருளுக்கு ஞாபகம் வரவில்லை. கேட்கவும் கூச்சம். அவனோ 'அத்தான், அத்தான்' என்று உயிரை விடுகிறான். பேச்சு நீள நீள அருளின் தலையில் கடன் ஏறிக்கொண்டே போகிறது. பத்து நிமிடம் பழகியவன் பெயர் தெரியாவிட்டால் அது சங்கடத்தோடு போய்விடும். ஒரு ராத்திரி முழுக்கச் சோறு போட்டு, கதை சொல்லி, படுக்க இடம் கொடுத்தவன் பெயர் தெரியாவிட்டால் மனசு தாங்காது. அவர் ஏன் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போகிறார் என்பது அந்த நீளத்தில்தான் இருக்கிறது. நிமிடத்தைக் குறைத்தபோது கடனும் குறைந்துவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. இயக்குநர் பிரேம்குமார் முதலில் ஒளிப்பதிவாளர். அவருடைய கல்யாணத்துக்கு முன்னால் ஞாபகம் தப்பிப்போன சம்பவம்தான் 2012-ல் 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' ஆனது. அதற்குக் கேமரா பிடித்தவரும் அவர்தான். அப்புறம் '96'-ல் ஒன்றைக்கூட மறக்க முடியாத ராம். இப்போது பெயரை மறந்த அருள். மறதியைத் தன் உடம்பிலேயே கண்ட மனுஷர் அளந்து வைத்த நேரம் அது. வெட்டியதும் அவர்தான் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் முதலில் வைத்தபோது அவர் சரியாகத்தான் வைத்திருந்தார்.

அந்தப் படத்தில் கார்த்தியா, அரவிந்த் சாமியா?
– கும்பகோணம் வாசகி

பேசுவது கார்த்தி, கேட்டுக்கொண்டிருப்பது அரவிந்த் சாமி. என் ஓட்டு கேட்டுக்கொண்டிருந்தவருக்கு.

'கொட்டுக்காளி'யில் பின்னணி இசையே இல்லையாமே. இசை இல்லாத படத்துக்கு ஏன் டிக்கெட் எடுக்க வேண்டும்?
– ஆட்டோ ஓட்டுநர், மேலூர்

அண்ணே, நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். படத்தில் பாதி நேரம் ஓடுவது ஷேர் ஆட்டோதான். அந்த இன்ஜின் சத்தம்தான் இசை. ஏற்றத்தில் அது திணறுவதும், நின்றதும் சட்டென்று விழுகிற நிசப்தமும், கட்டிவைத்த சேவல் அவ்வப்போது சிறகடிப்பதும் உங்கள் காதுக்கு என்னைவிட நன்றாகப் புரியும்.

மீனா வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லிச் சாமியாரிடம் கூட்டிப்போகிறார்கள். முறைமாமன் பாண்டிக்குத் தொண்டை கட்டி, கழுத்தில் சுண்ணாம்பு தடவியிருக்கிறார்கள். சூரியின் குரலையே பிடுங்கி வைத்துவிட்டார் இயக்குநர் வினோத்ராஜ். கத்த முடியாத ஒருவன் எப்போது வெடிப்பான் என்று நாம் காத்திருக்கிறோம். வழியில் எங்கிருந்தோ காற்றில் வருகிற பாட்டுக்கு மீனாவின் உதடு அசைகிறது. அவ்வளவுதான். அதற்கு விழுகிற அடியைப் பார்த்து நான் இருக்கையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அடிக்கு முன்னாலும் இசை இல்லை, பின்னாலும் இல்லை. 'இப்போது பயப்படு, இப்போது பரிதாபப்படு' என்று சொல்லித்தர யாருமே இல்லாதபோது, பார்க்கிற நாமும் அந்த ரோட்டோரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்களில் ஒருவராகிவிடுகிறோம்.

ஒரு இடம் சொல்கிறேன். ரோட்டை மறித்துக்கொண்டு ஒரு மாடு நிற்கிறது. மீசை முறுக்கிய அத்தனை ஆண்பிள்ளைகளாலும் அதை அசைக்க முடியவில்லை. ஒரு சின்னப் பெண் வந்து பேசாமல் ஓட்டிக்கொண்டு போகிறாள். வசனம் கிடையாது. இருந்தாலும் மொத்தப் படமும் அந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது.

மீனாவாக வரும் அன்னா பென் ஏறக்குறைய வாயே திறக்கவில்லை. வெறும் பார்வையை வைத்துக்கொண்டு அவர் நடத்துகிற போராட்டத்துக்கு ஈடாக 2024-ன் தமிழ் சினிமாவில் எனக்கு இன்னொன்று கிடைக்கவில்லை.

முடிவில் பாண்டி என்ன செய்தான்? நானும் மனைவியும் வீடு வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டு வந்தோம்.
– உசிலம்பட்டி வாசகர்

முதலில் நீங்கள் சொன்னதை எழுதுங்கள், அப்புறம் அக்கா சொன்னதை எழுதுங்கள். இரண்டுமே எனக்கு வேண்டும். தங்களுக்கு முன்னால் இன்னொரு பெண்ணுக்கு அந்தச் சாமியார் செய்வதைப் பாண்டி பார்க்கிறான். பார்த்த பிறகு அவன் முகத்தில் ஏதோ ஓடுகிறது. அங்கே படத்தை நிறுத்திவிட்டார்கள். அவன் மாறிவிடுவான் என்று நான் நம்புகிறேன், ஆனால் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

நான் பார்த்தது மதியக் காட்சி, அரங்கில் பதினான்கு பேர். கடைசி நொடியில் கதவைத் திறந்து லைட்டைப் போட்டுவிட்டார்கள். பாண்டியின் முகத்தில் அந்த வெளிச்சம் விழுந்து பாதி அழிந்துவிட்டது. அதற்காகவே மறுநாள் இன்னொரு தியேட்டருக்குப் போனேன். தியேட்டர்காரர்களிடம் கும்பிட்டுக் கேட்கிறேன். பெயர்ப் பட்டியல் ஓட ஆரம்பிக்கும் வரையாவது இருட்டை விட்டுவையுங்கள்.

எங்கள் ஊரில் வாழைத்தார் சுமந்துதான் நான் படித்தேன். 'வாழை'யைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. பார்க்கலாமா?
– பள்ளி ஆசிரியை, ஸ்ரீவைகுண்டம் பக்கம்

டீச்சர், பயம் நியாயம்தான். தனியாகப் போகாதீர்கள். கூடத் தார் சுமந்த தோழி யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள்.

முதல் பாதி உங்களைச் சிரிக்க வைக்கும். சிறுவன் சிவனைந்தன் ரஜினி கட்சி, அவன் நண்பன் சேகர் கமல் கட்சி. பூங்கொடி டீச்சரின் கர்ச்சீப்புக்காக ஒரு பையன் படுகிற பாட்டைப் பார்க்கும்போது, உங்கள் வகுப்பில் எத்தனை சிவனைந்தன் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வீர்கள். அப்புறம் லீவு நாள் வருகிறது, அவன் முகம் இருண்டுவிடுகிறது. பள்ளிக்கூடம் இல்லையென்றால் தார் சுமக்க வேண்டும். லீவு என்றால் அழுகிற பிள்ளையை நம் சினிமா அதற்கு முன்னால் எத்தனை முறை காட்டியிருக்கிறது?

தாருக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கிறார்கள். அந்த ஒரு ரூபாய்க்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் கதை. இயக்குநர் மாரி செல்வராஜ் சின்ன வயதில் தன் ஊரில் கண்ட விபத்து அது. இறுதியில் ஊரே பிணங்களைச் சுற்றிக் கதறும்போது, அந்தப் பையன் பசி தாங்காமல் அடுக்களையில் சோற்றில் கை வைக்கிறான். துக்கத்தைவிடப் பசி பெரியதாக நிற்கிற அந்தக் காட்சியை எடுக்க ஒரு துணிச்சல் வேண்டும். பட்டவரிடம்தான் அது இருக்கும்.

என் மனத்தாங்கல் ஒன்று. கடைசியில் அந்த ஒப்பாரிப் பாட்டு வருகிறதே, அருமையான பாட்டுதான். ஆனால் எனக்கு அந்தத் தாயின் மூச்சு கேட்க வேண்டியிருந்தது. பாட்டு அதை மூடிவிட்டது.

நல்ல சின்னப் படங்களை ஓடிடியில் நிதானமாகப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?
– ஓசூர் வாசகர்

2024 ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை. 'வாழை'யும் 'கொட்டுக்காளி'யும் ஒரே நாளில் வந்தன. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வரைக்கும் எத்தனை பேர் வந்தார்கள் என்பதை வைத்துத்தான் திங்கள்கிழமை ஷோவைக் கூட்டுவதும் குறைப்பதும். நான்கு வாரத்தில் வீட்டுக்கே வந்துவிடும் என்று எல்லோரும் காத்திருந்தால், நிதானமாகப் பார்க்க நினைக்கிற படம் இரண்டாவது வெள்ளிக்கிழமையைப் பார்க்காது. 'வாழை'க்குக் கூட்டம் சேர்ந்தது, சந்தோஷம். 'கொட்டுக்காளி'க்கு என் ஊரில் இரண்டாவது வாரம் காலைக் காட்சி மட்டும்தான் மிஞ்சியது. பெர்லின் திரைப்பட விழாவில் திரையிட்ட படம் அது. மதுரைப் பக்கத்துக் கதையை மதுரைக்காரர்கள் பெரிய திரையில் பார்க்க ஒரு வாரம்தான் முழுசாகக் கிடைத்தது என்றால் வயிறு எரியாதா?

குறைவது சத்தமும்தான். ஃபேன் ஓடுகிற கூடத்தில் அந்தச் சேவலின் சிறகு கேட்காது.

எனக்கு கிரிக்கெட்டே பிடிக்காது. 'லப்பர் பந்து'க்கு வீட்டில் இழுத்துக்கொண்டு போனார்கள்...
– பட்டுக்கோட்டை வாசகி

கேள்வியை முடிக்காமல் விட்டிருக்கிறீர்கள். பிடித்துவிட்டது என்று அர்த்தம். கிரிக்கெட்டே பிடிக்காத யசோதை டிராக்டரைக் கொண்டுவந்து மைதானத்தையே உழுதுவிட்டுப் போனபோது நீங்கள்தானே கைதட்டினீர்கள்? ஸ்வாசிகாவுக்கு அந்த ஒரு காட்சிக்கே மாலை போடலாம்.

தமிழரசன் பச்சமுத்துவுக்கு இது முதல் படம். மாமனாராக வரப்போகிற கெத்துவுக்கும் மருமகனாக வரப்போகிறவனுக்கும் பந்தில் தொடங்குகிற பகை. அதற்குள்ளேயே, எவ்வளவு நன்றாக ஆடினாலும் அன்பு என்கிற பையனை ஒரு டீம் ஏன் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறது என்பதையும் சொல்லிவிட்டார். யாரும் மைக் பிடித்துப் பேசவில்லை. அணியில் யார் யார் என்று சொல்கிற நேரத்தில் ஒருவன் முகம் போகிற போக்கிலேயே எல்லாம் தெரிந்துவிடுகிறது.

விஜயகாந்த் பாட்டுக்குத் தியேட்டரில் எழுந்து நின்றவர்களில் நானும் ஒருவன். 1989-ல் வந்த 'பொன்மனச் செல்வன்' பாட்டு. அவர் மறைந்து ஒன்பது மாதம்கூட ஆகாத நேரம். கெத்து மட்டையோடு நடந்துவர அந்தப் பாட்டு எழும்பியதும், முன்வரிசையில் ஒரு பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

'மகாராஜா'வின் திரைக்கதையைப் புகழாதவர் இல்லை. நீங்கள் மட்டும் ஏன் வாயைத் திறக்கவில்லை?
– வேலூர் வாசகர்

திறக்கிறேன். காணாமல் போன குப்பைத்தொட்டி 'லட்சுமி'க்காக ஸ்டேஷன் வாசலில் அடியும் ஏச்சும் வாங்கிக்கொண்டு அசையாமல் நிற்கிற விஜய் சேதுபதியை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஐம்பதாவது படத்தில் அவ்வளவு அடங்கி நடிக்கப் பெரிய மனசு வேண்டும். முன்னும் பின்னுமாகக் கலைத்துப் போட்ட கதையைக் கடைசியில் இயக்குநர் நித்திலன் சேர்த்து முடிக்கிற விதம் கெட்டிக்காரத்தனம்தான். சீனா வரைக்கும் போய் ஓடியதில் எனக்கும் பெருமை உண்டு.

ஆனால் அந்த முடிச்சு ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமையின்மேல் போட்டது. என்ன நடந்தது என்பதை நம்மிடமிருந்து ஒளித்துவைத்து, சரியான நேரத்தில் எடுத்துக்காட்டி, அரங்கத்தை 'ஓ' போட வைக்கிறார்கள். பக்கத்து இருக்கையில் பதினாலு வயது இருக்கும் ஒரு பிள்ளை. கைதட்டலுக்கு நடுவே அது குனிந்து உட்கார்ந்திருந்தது. அதற்கப்புறம் எனக்குத் திரைக்கதையைப் பற்றிப் பேச மனம் வரவில்லை. அந்த மகள் நிமிர்ந்து நின்று குற்றவாளியிடம் பேசுகிற இடம் நேர்மையானது. அவள் பேசுவதை இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம்.

2024-ல் யாரும் கண்டுகொள்ளாமல் போன நல்ல படம்?
– விழுப்புரம் வாசகர்

'ஜமா'. யோசிக்காமல் சொல்வேன்.

திருவண்ணாமலைப் பக்கத்துத் தெருக்கூத்துக் குழு. புரிசை கண்ணப்பத் தம்பிரானைத் தந்த சீமை அது. கல்யாணம் என்கிறவன் ஜமாவில் பெண் வேஷம் கட்டுகிறவன். திரௌபதி கட்டிக் கட்டி, நடையிலும் கையசைவிலும் அந்தப் பெண்மை தங்கிவிட்டது. அதனாலேயே பெண் கொடுக்க ஆளில்லை. அவனுக்கு அர்ச்சுனன் வேஷம் கட்ட வேண்டும், அப்பா தொடங்கிய ஜமாவைத் தன் கையில் எடுக்க வேண்டும். நடித்து, எழுதி, இயக்கியவர் பாரி இளவழகன்.

கூத்தைப் பற்றிய படங்களில் வழக்கமாக ஒரு குறை இருக்கும். கலைஞனை ஏழையாக, பாவமாகக் காட்டி நம்மிடம் கண்ணீர் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இதில் கூத்துக்காரர்களுக்குப் பொறாமை உண்டு, சாராயம் உண்டு, பதவி ஆசை உண்டு, ஒருவன் காலை இன்னொருவன் வாருவதும் உண்டு. அரிதாரம் பூசி உட்கார்ந்துவிட்டால் அதே ஆட்கள் வேறு. 'விடுதலை'யில் அதிகாரியாக வந்து நம் ரத்தத்தைக் கொதிக்க வைத்த சேத்தன் இங்கே வாத்தியார் தாண்டவம். வேஷத்தில் அவர் கால் வைக்கிற அழுத்தத்தைப் பாருங்கள். இவ்வளவு கெட்ட மனுஷனிடம் இவ்வளவு நல்ல கலையா என்று மனசு கிடந்து தவிக்கும்.

கர்ண மோட்சம் ஆடுகிறார்கள். கல்யாணம் குந்தி கட்டுகிறான். மகனை இழந்த தாயாக அவன் அழுகிற அழுகையைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, நீங்களே பாருங்கள். இளையராஜா எங்கே இசையை நிறுத்தி முகவீணைக்கும் மத்தளத்துக்கும் வழிவிடுகிறார் என்பதையும் காது கொடுத்துக் கேளுங்கள். விழுப்புரத்துக்காரருக்கு விடிய விடியக் கூத்துப் பார்த்த அனுபவம் இருக்குமே. உங்கள் கருத்தை அவசியம் எழுதுங்கள்.

'டூரிஸ்ட் ஃபேமிலி' எங்களைப் பற்றிய படம் என்கிறார்கள். எங்கட சனத்துக்கு உங்கட காலனியில அப்பிடி வரவேற்பு கிடைக்குமோ?
– யாழ்ப்பாண வாசகி

அக்கா, உங்கள் கேள்வி சரியான இடத்தில் குத்துகிறது. 2022-ல் அங்கே நெருக்கடி முற்றியபோது படகேறி வந்தவர்கள் தனுஷ்கோடி மணல்திட்டுகளில் இறங்கினார்கள், மண்டபம் முகாமுக்குப் போனார்கள். படத்தில் வருவதுபோலச் சென்னையில் ஒரு காலனி வீட்டுக்கு நேரே போகவில்லை. பல பத்தாண்டுகளாக முகாம்களிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். அது எதையும் படம் தொடவில்லை.

இருந்தும் எனக்கு அந்தப் படத்தின்மேல் அன்பு உண்டு. தர்மதாஸ் குடும்பத்தினரிடம் 'உங்கள் தமிழைப் பேசாதீர்கள்' என்று சொல்லி வைக்கிறார்கள். தமிழ்நாட்டில் தமிழை ஒளித்துவைத்து வாழ வேண்டிய தமிழ்க் குடும்பம்! அந்த ஒரு விஷயத்திலேயே அபிஷன் ஜீவிந்த் எங்களைக் கூண்டில் ஏற்றிவிட்டார். இருபதுகளில் இருக்கிற பையனின் முதல் படம் இது. காலனிக்காரர்கள் எல்லோரும் நல்லவர்களாகிவிடுவது நடந்ததைச் சொல்வதில்லைதான், நடந்திருக்க வேண்டியதைச் சொல்வது என்று நான் எடுத்துக்கொண்டேன். உங்கள் காதுக்கு சசிகுமாரும் சிம்ரனும் பேசிய பேச்சு எப்படி இருந்தது என்று எழுதுங்கள். அதில் தீர்ப்பு சொல்ல உரிமை உங்களுக்குத்தான்.

'மஞ்ஞும்மல் பாய்ஸ்' ஓடியது குணா பாட்டால்தானே?
– கொடைக்கானல் வாசகர்

பாட்டு கதவைத் திறந்துவிட்டது, உள்ளே இழுத்தது கயிறு. ஊரில் வடம் இழுத்துப் பழகிய கைகள் குணா குகைக் குழிக்குள் விழுந்த நண்பனை இழுக்கின்றன. அந்தக் கைகளை முதலிலேயே காட்டி வைத்திருக்கிறார் இயக்குநர் சிதம்பரம். 1991 தீபாவளிக்கு 'தளபதி'யோடு வந்த 'குணா' அன்றைக்கு நன்றாக ஓடவில்லை. முப்பத்து மூன்று வருஷம் கழித்துப் பக்கத்து மாநிலத்துப் பிள்ளைகள் அதற்குச் செய்த மரியாதையை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சி. உங்கள் ஊருக்கு வருகிறவர்களிடம் மட்டும் வேலியைத் தாண்டாதீர்கள் என்று சொல்லுங்கள்.

நான் இங்கே நர்ஸ். 'ஆல் வி இமேஜின் அஸ் லைட்' பார்த்தேன். விருது வாங்கிய படம் என்றதும் புரியாது என்று நினைத்துப் போனேன்...
– மும்பை வாசகி

புரிந்திருக்கும் சகோதரி, எங்களைவிட உங்களுக்கு அதிகமாகவே. கான் விழாவின் போட்டிப் பிரிவுக்கு 1994-ல் ஷாஜி என். கருணின் 'ஸ்வாஹம்' போன பிறகு, முப்பது வருஷம் கழித்து இந்தியாவிலிருந்து போன படம் இது. பாயல் கபாடியாவுக்கு இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் பிரிக்ஸ் கிடைத்தது. அதெல்லாம் இருக்கட்டும், அந்த ரைஸ் குக்கரைப் பேசுவோம்.

நர்ஸ் பிரபாவின் கணவன் ஜெர்மனியில் இருக்கிறான், ஒரு வருஷத்துக்கு மேலாகப் போன் பண்ணவில்லை. திடீரென்று ஒரு பார்சல். உள்ளே சிவப்பு ரைஸ் குக்கர், கடிதம் ஒன்றும் இல்லை. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு பிரபா அதை எடுத்துத் தரையில் உட்கார்ந்து கட்டிப்பிடித்துக்கொள்கிறாள். கனி குஸ்ருதி அழவில்லை. ஜன்னலுக்கு வெளியே மழை. ஒரு பாத்திரத்தைக் கட்டிப்பிடிக்க எத்தனை நாள் தனிமை வேண்டும் என்று நான் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். டூட்டி முடிந்து ரயிலில் வீடு திரும்பும் உங்களுக்கு அந்த யோசனையே தேவைப்பட்டிருக்காது.

'தங்க மீன்கள்' ராம்தான் 'பறந்து போ' எடுத்தாரா? நம்ப முடியவில்லை.
– கோவை வாசகர்

அவரேதான். அங்கே மகளுக்காக ஊர்விட்டு ஊர் அலைந்த அப்பா, இங்கே மகனோடு பைக்கில் கடன்காரர்களிடமிருந்து தப்பி ஓடுகிறார். கவலை அதேதான், சுவாசம் மாறியிருக்கிறது. பூட்டிய ஃபிளாட்டில் தனியாக இருக்கிற பிள்ளையைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் என் மகனிடம் சாவி எங்கே என்று கேட்டேன்.

அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. தியேட்டருக்குப் போய் இருபது வருஷம் ஆகிறது. எந்தப் படத்துக்கு அழைத்துப்போகட்டும்?
– சேலம் வாசகி

அம்மா கடைசியாகத் தியேட்டரில் பார்த்தது எது, யாரோடு போனார் என்று முதலில் கேளுங்கள். பதில் வர அரைமணி ஆகும், ஆகட்டும். அப்புறம் படத்தை நீங்களே முடிவு செய்துவிடுவீர்கள்.

மதியக் காட்சிக்குப் போங்கள், முட்டி வலி இருந்தால் ஓரத்து இருக்கையாக எடுங்கள். இருட்டில் படியேற வேண்டாம், விளம்பரம் தொடங்கும் முன்பே உட்கார்ந்துவிடுங்கள். ஏசிக்கு ஒரு சால்வை. சத்தம் தாங்காது என்றால் ஸ்பீக்கர் பக்கத்துச் சுவரைத் தவிர்த்து நடுவில் உட்காருங்கள். இடைவேளையில் அவர் பாப்கார்ன் வேண்டாம் என்பார், ஒன்று வாங்கி நடுவில் வைத்துவிடுங்கள். வெளியே வந்ததும் 'எப்படி இருந்தது' என்று கேட்காதீர்கள். பஸ் ஏறி இரண்டு ஸ்டாப் போகட்டும், அவரே ஆரம்பிப்பார்.